பன்னிரண்டு டன் நார்

கேத்தி பாலாடாவில்
கேரட்டைக் கழுவி ஏற்றும்போது இரவு மணி ஒன்று.
போஜன் தோட்டத்து மூட்டைகள்.
ஈரம் சொட்டச் சொட்ட
வண்டியின் முதுகில் பன்னிரண்டு டன் நார்ச்சத்து.
என் வயிற்றில்
மேட்டுப்பாளையத்துப் பரோட்டா,
திங்கட்கிழமை தின்றது.
இன்று வியாழன்.

ஓர் எழுத்துதான் வித்தியாசம்:
மலைச்சிக்கல், மலச்சிக்கல்.
முதலாவது வந்தால்
நெடுஞ்சாலைத்துறை ஜேசிபி அனுப்புகிறது.

குன்னூர் ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் நாற்பது பேர்,
பின்னால் கதவு திறந்தே கிடந்தது.
டாக்டர் நசீமா சத்தமாகத்தான் கேட்டார்: "எத்தனை நாளா?"
விரல்களைக் காட்டினேன்.
"என்ன லோடு ஓட்டறீங்க?"
"கேரட். சில நாள் பீன்ஸ், முட்டைக்கோஸ்."
பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார்.

நார் உடம்பில் சேராதாம்.
உள்ளே வரும், எதுவாகவும் மாறாது,
போகும்போது மற்றதையும் கூட்டிக்கொண்டு போகும்.
"ஒட்டாததைத் தின்னு என்ன பிரயோஜனம் டாக்டர்?"
"உங்க வேலையும் அதானே" என்றார்.

அன்றே ஆரம்பித்தேன், ஆத்திரத்தோடு.
தோலோடு நாலு கேரட்.
போஜன் வீட்டில் கொடுத்தனுப்பிய ராகிக் களி,
தூக்குவாளி நிறைய அவரைக் குழம்பு.
கொய்யா, விதையும் விடாமல்.
கிளீனர் இருதயம் சொன்னான்:
"அண்ணே, காலி வண்டியிலகூட
இப்படி ஒரேயடியா ஏத்த மாட்டோம்."
மருந்துச் சீட்டை அவன்தான் படித்தான்.
கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவும்.
அதன் கீழே இரண்டு கோடு போட்டுத் தண்ணீர்.

மலைப்பாதையில் டிரைவர் தண்ணீர் குடிப்பதில்லை.
குடித்தால் நிறுத்த வேண்டும்,
நிறுத்தினால் பின்னால் ஒரு ஊரே ஹாரன் அடிக்கும்.
இருபத்திரண்டு வருடமாக
வாயை நனைத்துத் துப்பியே பழகிய நாக்கு.

சனிக்கிழமை, ஆயுத பூஜை விடுமுறை.
ஒன்பதாவது கொண்டை ஊசியில் மாட்டினோம்.
ஏறுகிற கார்கள், இறங்குகிற பஸ்,
நடுவில் மூக்கை நுழைத்த வேன் ஒன்று,
முகப்பில் வாடிய வாழைக்கன்று.
சாலையில் கல் விழவில்லை, மரம் சாயவில்லை.
வண்டிகள் அதிகம், அவ்வளவுதான்.
உள்ளே அவரை மத்தளம் அடித்தது.
பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தினேன்,
அப்புறம் கழற்றியே வைத்தேன்.
பக்கக் கண்ணாடிமேல் குந்திய குரங்கு
என் மூட்டையிலிருந்து உருவிய கேரட் ஒன்றை
மெல்ல மெல்ல மென்றது.
ஒன்றே ஒன்று.

இருதயம் இறங்கிப் போய்
பாறையில் வடிகிற ஊற்றில் கேனைப் பிடித்துவந்தான்.
சூடு தணிந்த ரேடியேட்டர் வாயைத் திறந்து காத்திருந்தது.
ஏறும்போது நாலு தடவை, இறங்கும்போது ஒரு தடவை
தவறாமல் கொடுக்கிறோம் அதற்கு.
கேனில் பாதி மிச்சமிருந்தது.
நான் கையை நீட்டினேன்.

இப்போது ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சில்வர் பாட்டில்.
(பிளாஸ்டிக் என்றால் சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள்.)
முதல் வாரம் ஒரு கேரட்.
அடுத்த வாரம் அதோடு ஒரு கரண்டி பீன்ஸ்.
பரோட்டாவை விட்டுவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்,
நாலு ஒன்றாகிவிட்டது, பக்கத்தில் கீரை.
பர்லியாறில் ஐந்து நிமிடம் நிறுத்துகிறேன்,
ஹாரன் அடிப்பவன் அடிக்கட்டும்.
"ஏன் லேட்டு?" என்கிறார் மண்டிக் கணக்கர்.
வாடகை பாக்கியைக் கேட்டால்
கல்லில் நார் உரிக்கவைக்கிற மனுஷன்.
அவருக்கு எதைச் சொல்ல?

இன்று காலை
பஸ் ஸ்டாண்ட் கட்டணக் கழிப்பறையில்
பத்து ரூபாய் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.
வெளியே வந்தபோது
சீட்டு கிழிக்கிற பெண் மீதி ஐந்தை நீட்டினாள்.
வைத்துக்கொள்ளம்மா என்றேன்.
ஏற இறங்கப் பார்த்தாள்.

விடிந்திருந்தது.
மண்டியில்
என் லோடையும் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.