பதினான்காம் எண்ணுக்கு வழி

தம்பி, கைப்பேசி காட்டுகிற வழியில் வந்துவிடாதே.
அது என் வீட்டை
ஆற்றின் நடுவில் குத்தி வைத்திருக்கிறது.

பெரிய சடக்கில் எடைப்பாலம் வரும்.
கண்ணாடி அறைக்குள் சந்தானமேரி
செம்பனைக் குலை லோரிகளை எடை போட்டுக்கொண்டிருப்பாள்.
கையசை. அவள் அசைக்காவிட்டால் கோபித்துக்கொள்ளாதே,
சம்பளம் தள்ளிப்போன வாரம் இது.

இடப்பக்கம் செம்மண்.
புகையாத புகைபோக்கி ஒன்று,
உச்சியில் அரசங்கன்று.
அதன் அடியில் ஆ கியோங் கடை.
நிறுத்தி, "தண்ணி எங்கே நிக்குது?" என்று கேள்.
வழி கேட்டால் அவரும்
முதலில் அதைத்தான் சொல்வார்.

பிறகு முனியாண்டி,
அரிவாளோடு, ஆற்றைப் பார்த்தபடி.
புது மஞ்சள், புதுச் சிவப்பு;
முழங்காலுக்குக் கீழே மட்டும் சேற்றுப் பழுப்பு.
பெயிண்ட் தீர்ந்துவிடவில்லை.
போன டிசம்பர் அதுவரை வந்தது.
இருக்கட்டும், அளக்க வேண்டுமே என்று
நாங்கள்தான் விட்டுவிட்டோம்.

பம்பு வீட்டில் மொக்தார் தூண்டில் போட்டிருந்தால்
துணிந்து வா.
'முதலை, கவனம்' பலகையில்
அவன் சட்டை காயும்.
சட்டையைக் காணோமென்றால்
லோரியைத் திருப்பிவிடு, நாளைக்கு வா.

கடைசி லயம். நீலக் கதவு.
இயந்திரத்தைத் தரையில் இறக்காதே,
எட்டுச் செங்கல் அடுக்கியிருக்கிறேன்,
அதன் மேல்.

பழசை எடுத்துக்கொண்டால்
ஐம்பது வெள்ளி கழிப்பாயா?
எடுத்துக்கொள், தாராளமாக.
கைப்பேசி காட்டுகிறதே,
அங்கேதான் கிடக்கிறது.