நாலு வரி

பேரூராட்சி ஆள் வந்து கேட்டது
நாலே நாலு வரி.
குப்பை எடுக்கும் பேட்டரி வண்டியில் போட,
வீரவநல்லூர்த் தெருக்களில், காலை ஆறு மணிக்கு.
"நீங்க கவிதை எழுதுவியளாமே."

இரண்டு தொகுப்பு போட்டவன் நான்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்றேன்.

இது ஐந்தாவது வாரம்.

முதல் தாளில் பூமித்தாய் இருந்தாள்.
வண்டி ஓட்டும் முப்பிடாதி
கையுறையைக் கழற்றாமலே வாங்கி வாசித்தாள்.
"இது யாரு அண்ணாச்சி? எந்தத் தெரு?
இவ வீட்டுலயும் குப்பை எடுக்கணுமா?"

அடித்தேன்.
அடுத்த தாளில் எதுகை அழகாய் விழுந்தது.
"நல்லாத்தான் இருக்கு. ஆனா
மேலத்தெரு தாண்டுறதுக்குள்ள நாப்பது தடவ பாடும்.
நாப்பதாவது தடவைக்கு இது தாங்காது."

நாற்பதாவது தடவை!
நான் எழுதிய எதையும் யாரும்
இரண்டாம் தடவை கேட்டதில்லை,
நானும்கூட.

கன்னடியன் கால்வாய்ப் பாலத்தில் நின்று
ஒவ்வொரு சொல்லாய் வாய்க்குள் போட்டுப் பார்த்தேன்.
'சுற்றுச்சூழல்' நாக்கைத் தடுக்கியது.
'தூய்மை'யில் பல்பொடி வாசம்.
'வாளி' நின்றது.
'வாங்க' நின்றது.
நடுவில் ஒரு சொல்லைச் செருகினால்
இரண்டும் சாய்ந்தன.

ஒரு ராத்திரி 'மக்கா' கிடைத்தது,
பிள்ளைகளைக் கூப்பிடும் அதே மக்கா.
மக்கா, இது மக்கும்; மக்கா, இது மக்காது.
விடியுமுன் ஓடிப்போய்ச் சொன்னேன்.
"இத நாங்க வண்டியில தெனம் சொல்லிச் சிரிக்கதுதான்," என்றாள்,
"எழுதிக்கிடுங்க, பரவால்ல."

மூன்று வரி ஆயிற்று.
நாலாவது வரவே இல்லை.
சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை,
மெட்டில் மட்டும் இடம் மிச்சம்.

சேரன்மகாதேவியில் ஒரு கல்யாண வீடியோக் கடையில்
மூன்று வரியோடே பதிவு செய்தார்கள்.
ஜெபசெல்வி என்கிற நர்சிங் மாணவி பாடினாள்,
தேர்வுக்கு நேரமாகிவிட்டதென்று ஒரே மூச்சில்.
காலியாய்க் கிடக்கும் நாலாவதில்
முப்பிடாதி ஹாரன் அடிக்கிறாள்.

ஹாரனுக்குத்தான் கதவுகள் திறக்கின்றன.

நேற்று எதிர்வீட்டுப் பையன் பல் தேய்த்தபடி
மூன்றையும் முணுமுணுத்துவிட்டு
நுரை தெறிக்க 'பாம் பாம்' என்றான்.

இன்று நானும் வாளியோடு போனேன்.
ஐந்து வாரத்துத் தாள்கள், கசங்கி, மேலே மேலே.
எந்தப் பக்கம் போடுவதென்று
முப்பிடாதி கொஞ்சம் யோசித்தாள்.
"தாளு மக்கிரும் அண்ணாச்சி.
மைதான் எப்படியோ."