முள் பாதியில்

நூல் பில்லின் முதுகில்தான் கணக்குப் போட்டேன்.
பல்லடம், சோமனூர், கருமத்தம்பட்டி, திரும்பப் பல்லடம்:
நாளுக்குத் தொண்ணூறு கிலோமீட்டர், மாதம் இருபத்தாறு நாள்.
லிட்டருக்கு இருபத்திரண்டு தரும் என்று
விற்றவர் கற்பூரம் அணைக்காத குறையாகச் சொன்னார்.
மூன்றே வருஷத்தில் வண்டி
தன் காசைத் தானே எடுத்துவிடும்.
சுலோச்சனா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.
"பெட்ரோல்னா சத்தமில்லாம இருக்குமுங்க."
சத்தத்துக்குக் கணக்கில் நான் பத்தி விடவில்லை.

வெள்ளி நிற டீசல் செடான்.
எனக்கு முன் அது ஈரோட்டில் ஒரு பல் டாக்டருடையது.
டேஷ்போர்டு அறையில், ஆர்.சி. புத்தகத்தின் அடியில்
யாருடைய கீழ்த்தாடையோ,
மாவில் வார்த்த பாதி அச்சு.
எறிய மனசு வரவில்லை.
டிக்கி நிறைய நூல் கோன் ஏற்றினேன்.
சீட்டெல்லாம் பஞ்சு படிந்தது.
ஏ.சி. போட்டால் மில்லுக்குள் உட்கார்ந்த மாதிரி.

பின் கண்ணாடி ஒன்று இறங்கும், ஏறாது.
ஹாரன் இடது வளைவில் மட்டும் அடிக்கும்.
டீசல் முள் பாதிக்கு வந்து நின்றுகொள்ளும்,
எத்தனை ஓட்டினாலும் பாதி;
பிறகு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் சிவப்பில் விழும்,
எங்கள் வூட்டு வரவு செலவு போலவே.
இவை போக, முன்னால் எங்கோ ஒரு கடகட.
ஜாபர் மூன்று முறை பிரித்து மாட்டினான்.
ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்க்ரூ மிச்சம் வந்தது,
சத்தமும்.

அப்புறம் தறிக்காரர்கள் போனிலேயே வாங்கக் கற்றார்கள்.
நாற்பதாம் நம்பர் என்ன ரேட்டுங்க,
கோனைப் படமெடுத்து அனுப்புங்க.
தொண்ணூறு கிலோமீட்டர்
என் கட்டைவிரலுக்குள் வந்துவிட்டது.
வண்டி வேப்பமரத்தடியில் நின்றது.
நின்றதாலேயே இருமியது, கரி கக்கியது.

"வண்டிக்கு நோவு ஒண்ணுமில்லீங்ணா,"
ஜாபர் கையைத் துடைத்தான்,
"ஓட்டமில்லீங்க. டீசல் வண்டிய நிக்க வெக்கக் கூடாது.
வாரத்துல ஒருக்கா அம்பது அறுபது கிலோமீட்டர்
முடுக்கி ஓட்டிட்டு வாங்."

மிச்சம் பிடிக்க வாங்கிய வண்டிக்கு
ஞாயிறுதோறும் ஊர் சுற்றிக் காட்டினோம்.
உடுமலை ரோட்டில் காத்தாடிகளுக்கு நடுவே போவோம்,
போய்த் திரும்புவோம்.
கேத்தனூரில் அவள் பெரியம்மா மகன் பார்த்துவிட்டான்.
"வாசல் வழியாப் போறீங்க, ஒரு வாய் தண்ணி குடிக்க
வூட்டுக்கு வரமாட்டீங்களாக்கும்?"
வண்டிக்கு மருந்து என்று சொன்னால் யார் நம்புவார்கள்?
நான்கு வாரம் வேறு ரோட்டில் போனோம்.

குடிமங்கலம் தாண்டி ஒரு சாயங்காலம்
முள் பாதியில் இருக்கும்போதே வண்டி நின்றது.
டீசல் தீர்ந்தால் ஊற்றினால் மட்டும் போதாது;
குழாயில் ஏறிய காற்றைப் பம்ப் அடித்து எடுக்க வேண்டும்.
தேங்காய் லாரிக்காரர் ஒருவர் கேனை வாங்கிக்கொண்டு போனார்.
சாவியைத் திருப்பி அணைத்தேன்.
தலைக்கு மேலே இறக்கைகள் மட்டும்
சும்மா சுற்றின.
சுலோச்சனா சீட்டைச் சாய்த்துக் காலை நீட்டினாள்.
"இப்பத்தான் பெட்ரோல் வண்டி மாதிரி இருக்குதுங்க."

எட்டு வருஷமாக வைத்திருந்திருக்கிறாள் இதை.
எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
டார்ச் தேடி அவள் அந்தத் தாடையை வெளியே எடுத்தாள்,
மடியில் வைத்துக்கொண்டாள்,
கேன் வரும்வரை
விரலால் பல் எண்ணிக்கொண்டிருந்தாள்.

லாரிக்காரர் பம்ப் அடித்தார். இரண்டு செருமலில் பிடித்தது.
பூளவாடிப் பிரிவில் மூன்று வேகத்தடை.
மூன்றிலும் கடகட இல்லை.
நான் அவள் மடியைப் பார்த்தேன்,
அவள் ரோட்டைப் பார்த்தாள்.
ஜாபருக்குக் கொடுத்த கூலியைப் பற்றி
யாரும் பேச்செடுக்கவில்லை.

ஐந்து லிட்டருக்கு முள் எழுந்து வந்து
பாதியில் நின்றது,
ஒன்றும் அறியாததுபோல.