கப்பலைச் சுற்றி

முதலில் நிலைக்கண்ணாடியைத் துண்டால் மூடுவேன்.
பிறகு ஜன்னல் திரை. பிறகு கதவில் சிவப்பு அட்டை:
லேசர் ஓடுகிறது, நுழையாதே.
புந்தா அரேனாஸில் எதை இழுத்து மூடினாலும்
காற்று மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தோன் எவாரிஸ்தோ மன்சில்லா
சட்டையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி வருகிறார்,
கொதிக்கும் பாத்திரத்தைத் துணியால் பிடிப்பவர்போல.
அக்கி வந்து போய்ப் பதினோரு மாதம்.
கொப்புளம் உதிர்ந்தது.
எரிச்சல் இடப்பக்க விலாவில்
வாடகை தராமல் குடியிருக்கிறது.

கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்:
புற்று ஏதும் இருந்ததா,
வெயில் பட்டால் தோலைச் சிவக்கவைக்கும் மாத்திரை ஏதும் உண்டா.
கண்ணை மூடச் சொல்லி
குளிர்ந்த கரண்டியால் மூன்று இடம் தொடுகிறேன்.
"குளிர்" என்கிறார். "குளிர்." பிறகு, "நெருப்பு!"
மூன்றும் ஒரே கரண்டி.
அளவைக் குறைத்து எழுதிக்கொள்கிறேன்.

கைக்கடிகாரத்தைக் கழற்றினார். சட்டையைக் கழற்றினார்.
அங்கே ஒரு கப்பல்.

மூன்று பாய்மரம், கறுப்பு மை.
பத்தொன்பது வயதில், வால்பராய்சோவில்,
குடித்துவிட்டுக் குத்திக்கொண்ட பச்சை.
வலியோ சரியாக நடுப்பாய்மரத்தடியில்.

"இங்கேதான்." விரல் தொடாமல் காட்டுகிறது.
"அங்கே முடியாது.
மை ஒளியைக் குடிக்கும். குடித்தால் சுடும்."
"போர்வெனீரிலிருந்து நீரிணை தாண்டி வந்தது
கரையைச் சுற்றிப் பார்க்கவா?"

இந்த நரம்பு முதுகெலும்பருகே புறப்பட்டு
விலாவோடு வளைந்து வருகிறது, தோன்.
புறப்படும் துறையிலேயே பிடித்துப் பார்ப்போம் என்றேன்.
மீன்பிடிப் படகில் முப்பது வருடம் இருந்தவருக்கு
அது புரிந்தது.
அல்லது களைத்துப்போனார்.

இருவரும் காப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டோம்.
"எரிகிறதா?"
"எரிகிறது."
"ஒன்றும் தெரியவில்லையே, பெண்ணே."
தெரியாது. அதனால்தான் கண்ணாடி;
இந்த ஒளி வந்தால் இமைக்கு மூடத் தெரியாது.
"அப்படியா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து,
"என் வலியையும் டாக்டர் படத்தில் தேடினார்."

புள்ளி புள்ளியாய் நகர்த்தினேன்.
நொடிகளை எண்ணினேன்.
கப்பலிலிருந்து இரண்டு விரல் தள்ளியே போனேன்.

பத்துக்கு எவ்வளவு வலி என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன்.
எட்டு. எட்டு. எட்டு. ஏழு.
ஏழாவது முறை, சந்தையில் பேரம் படிந்தவர்போல,
"ஐந்தரை" என்றார்.
"கப்பலடியில் மட்டும் அப்படியே."
மாத்திரையை நிறுத்தவேண்டாம் என்றேன்.
நிறுத்தியிருந்தார். திட்டினேன்.

சட்டைப் பொத்தான்களை மேலிருந்து போட்டுக்கொண்டே வந்தவர்
நான்காவதில் நின்றார்.
வெளியே தகரக் கூரையைக் காற்று உலுக்கிக்கொண்டிருந்தது.
பல்லைக் கடித்து
அதையும் போட்டார்.