கமிஷனர் அறிக்கையில் சேராதவை

கொனல் மகனே, ஃபிண்ணா,
உன் ஒன்பது வருஷ ஆட்சிக்கு
மடத்துத் துறவி ஒதுக்கியது மூன்றே வரி.
முதல் வரியில் நீ அரசனானாய்.
இரண்டாவதில் பெரும்பனி, மாடுகள் செத்தன.
மூன்றாவதில் உன்னைக் கொன்றார்கள்,
பங்காளிகள்.
அந்தச் சொல் புத்தகத்தில் இல்லை.
நான்தான் அப்படிப் படித்தேன்.

நேற்றிரவு காரைக்குடி லாட்ஜில்
மின்விசிறிச் சத்தத்தில் உன்னை மூடிவைத்துவிட்டு
காலையில் பள்ளத்தூர் வந்தேன்,
தேவகோட்டை சார்பு நீதிமன்றம் அனுப்பிய
அட்வகேட் கமிஷனராக.
கூடவே நூறடி டேப், ஒரு சர்வேயர்,
இரண்டு கட்சிக்கும் வக்கீல்கள்.

வெ.சா. வீடு.
முகப்பு ஒரு தெருவில், அடுப்படி அடுத்த தெருவில்.
முப்பத்தாறு புள்ளி.
பதினோரு பேர் வழக்கில், நான்கு பேர் பினாங்கில்,
ஒருவர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.
சம்மன் மூன்று முறை திரும்பி வந்துவிட்டது.

உன் ஊர்ச் சட்டத்தில்
ஒரே கொள்ளுத்தாத்தா வழி வந்த ஆண் எவனும்
அரசனாகலாமாமே.
எங்கள் பாகப்பிரிவினையிலும் பழைய கணக்கு
நான்கு தலைமுறைதான்.
அதைப் படித்தபோது கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன்.

உனக்கு மேட்டின் மேல் ஒரு கல்.
இங்கே முழ நீளத்தில் ஒரு சாவி.
மூத்தவர் வழிக்கு மூன்று வருஷம்,
இளையவர் வழிக்கு மூன்று வருஷம்,
படைப்பு நடத்துகிறவர் கையில் அது இருக்கும்.
பெத்தபெருமாள் முறையில் கொரோனா வந்தது.
படைப்பு நின்றது, முறையும் நின்றது.
சாவி அவர் இடுப்பிலேயே இருக்கிறது.

பிராது, பத்தி பதினான்கு:
'முதல் பிரதிவாதிக்கு இடக்கண் பார்வை அறவே இல்லை,
எனவே நிர்வகிக்கத் தகுதியற்றவர்.'
கீழே கையெழுத்து, தேனப்பன்.

உன் தேசத்தில் ஒரு ராஜாவைத்
தேனீ கொட்டிக் கண் போக, அரசும் போனதாம்.
ஊனப்பட்ட உடம்பில் அரசு தங்காது என்பது விதி.
அதனால்தான் கொல்ல மனமில்லாத பங்காளிக்குக்
கண்ணை மட்டும் எடுத்தீர்கள்.
நீயும் எடுத்தாய், சித்தப்பா மக்கள் இருவருக்கு.
மூன்று வரியில் அது இல்லை,
அடிக்குறிப்பில் இருக்கிறது.

வளவு அளந்தோம். பட்டாலை அளந்தோம்.
'தேக்கு என்று எழுதாதீர்கள்,
பர்மாத் தேக்கு என்று எழுதுங்கள்'
என்றார் வாதி வக்கீல்.
எழுதினேன்.

சாமி அறைக் கதவில் ஒரு சங்கிலி.
பூட்டுக்குள் பூட்டாகக் கோத்துப்
பதினோரு பூட்டுகள்.
எந்த ஒன்றைத் திறந்தாலும் சங்கிலி விழுந்துவிடும்.
எவரும் திறக்கலாம்.
துருவைப் பார்த்தால் எவரும் திறந்ததில்லை.

சர்வேயர் மாடிக்குப் போயிருந்தார்.
வெளிச்சுவரை அளக்க
டேப்பின் ஒரு முனையைப் பெத்தபெருமாள் பிடித்தார்.
மறுமுனைக்கு ஆளில்லை.
தேனப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பிடித்தார்.
நடுவில் டேப் தொய்ந்தது.

'அண்ணே, கொஞ்சம் இழுத்துப் பிடிங்க.'

ஆறு வருஷத்தில் இதுதான் முதல் பேச்சாம்,
குமாஸ்தா என் காதருகே சொன்னார்.

பெத்தபெருமாள் இழுத்துப் பிடித்தார்.
அவர் பக்கத்து எண் அவருக்குத் தெரியவில்லை,
முகத்தைத் திருப்பி
நல்ல கண்ணைக் கொண்டுவந்தார்.
தேனப்பன் வாசித்தார், 'பதினெட்டு, ஏழு.'
'பதினெட்டு எட்டு' என்றார் இவர்.
'எங்க அப்பச்சி எட்டுன்னுதான் சொல்லும்.'
'உங்க அப்பச்சி சொல்லும்.'
அவ்வளவுதான்,
இரண்டு வக்கீல்களும் ஒரே சமயத்தில் பேசினார்கள்,
டேப் சுருண்டு ஓடி என் விரலைக் கீறியது.

ஃபிண்ணா,
கடைசியில் கத்தியோடு வந்தவன்
உன்னை அண்ணே என்றானா?
இழுத்துப் பிடி என்பது போல
வேலை நடுவே, யோசிக்காமல்?
துறவி எழுதவில்லை.
அவருக்கு மையும் தோலும் குறைவு.

எனக்குத் தாள் இருக்கிறது.
ஆனால் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

சாமி அறை, தென்வடல், பதினெட்டு அடி ஏழு அங்குலம்.
ஆட்சேபணை பதிவு செய்யப்பட்டது.
பூட்டுகள், பதினொன்று.