நாற்பத்தொன்றாம் பிழை

ரெஜின், உன் கேமை முடித்துவிட்டேன்.
முந்திரி ஆபீஸ் விட்டு வந்து, சாளை கழுவி,
கையில் மணம் போகுமுன்னே சுட்டியைப் பிடித்து
பத்தொன்பது ராத்திரி.
பிழைகளை ரப்பர்ஷீட்டுக் கணக்குநோட்டின்
பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.
வாசிக்கும்போது முகத்தைத் தூக்காதே.

முதலில் அந்தத் தாக்கோல்.
முட்டம் விளக்கின் கதவுக்குத் தாக்கோல் வேண்டும், சரி.
அது கிணற்றுக்குள் கிடக்கிறது, அதுவும் சரி.
எடுப்பதற்கு
நண்டைக் குடைக்கம்பியில் கட்டி,
நண்டுக்கு மரச்சீனி ஊட்டி,
பங்குச்சாமியின் கண்ணாடியை அதற்கு மாட்டி...
எந்த ஊர்ப் புத்தி இது?
பக்கத்தில்தானே வாளியும் கயிறும்!
வாளியைத் தொட்டால் உன் ஆள் சொல்கிறான்:
"இது எனக்கு இப்போ வேண்டாம்."
கயிற்றைத் தொட்டாலும் அதையே.
நூற்றுப் பதினேழு தடவை. எண்ணினேன்.
குளச்சல்காரி எவளும்
இவனை ஒருநாள் வீட்டில் வைத்திருக்கமாட்டாள்.

அப்புறம் தீக்குச்சி.
மணவாளக்குறிச்சிக் கரையில் மணல் கறுப்பு,
குச்சியும் கறுப்பு,
தட்டவேண்டிய இடம் கடுகளவு.
மூன்று ராத்திரி அங்குலம் அங்குலமாய்த் தடவினேன்.
அம்பு கையாக மாறியபோது மணி இரண்டே கால்.
நான் சொன்ன வார்த்தையில்
பிள்ளை விழித்துக்கொண்டான்.

அவன் சட்டைப்பைக்குள்
ஏணி போகிறது, கடவம் போகிறது,
உயிரோடு ஒரு ஆடு போகிறது.
இதைத் திருத்தாதே.
மறுநாள் மார்த்தாண்டம் பஸ்ஸில்
சோற்றுப்பாத்திரம், குடை, அம்மாவின் மருந்து,
குழித்துறை கோர்ட் கடுதாசி
எல்லாவற்றையும் ஒரே பைக்குள் திணித்தபடி
ஆடு எங்கே இருக்கும் என்று யோசித்தேன்.
பக்கத்து சீட்டுக்காரி நகர்ந்து உட்கார்ந்தாள்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தில் அவன் ஓடமாட்டான்.
எத்தனை தட்டு தட்டினாலும் பையத்தான் நடக்கிறான்.
இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்கு
ஒரு நிமிஷம் நாற்பது நொடி.
பிழை என்று எழுதினேன், பிறகு வெட்டினேன்.
ஆறாவது தடவை போகும்போது
கீழே பறளியாற்றில்
ஒரு சிவப்புத் துணி மிதந்து போவது தெரிந்தது.
யாரிடமும் சொல்லாமல் நீ வரைந்து வைத்தது.
ஓடியிருந்தால் எனக்கு அது இல்லை.

இன்னொன்று. உன் கேமில் யாரும் சாவதில்லை.
தப்பான கதவைத் தட்டினால்
தப்பான கதவு, அவ்வளவுதான்.
நான் சாயா போட்டு வரும்வரை
மழை பெய்துகொண்டே இருக்கிறது,
அவன் கால் மாற்றி நிற்கிறான்,
மூக்கைச் சொறிகிறான்.
எனக்காக இத்தனை நேரம்
எவரும் நின்றதில்லை, உன்னையும் சேர்த்து.

இனி கடைசி.
தக்கலை பஸ்டாண்டில் பச்சைக் குடையோடு ஒருத்தி.
அவள்மேல் கிளிக் விழவில்லை.
மீனைக் கொடுத்துப் பார்த்தேன், தாக்கோலை,
ஆட்டைக்கூடக் கொடுத்தேன்.
அம்பு அம்பாகவே இருக்கிறது.
குடையில் மூன்றாவது கம்பி தொங்குவதைப் பார்த்தபிறகு
மௌஸை வைத்துவிட்டு
கதவுக்குப் பின்னால் போய் என் குடையை விரித்தேன்.

மறுநாள் கேட்டேன்.
கஞ்சித்தட்டிலிருந்து தலை தூக்காமல் சொன்னாய்:
"வசனம் எழுத நேரமில்ல.
அவ சும்மா நிக்கதுக்குத்தான்."

ஆகவே நானே எழுதியிருக்கிறேன்,
அவள் சொல்வதற்கு மூன்று வரி.
முதல் தட்டுக்கு: "பஸ்ஸு போயாச்சு."
இரண்டாவதுக்கு: "கெணத்துப் பக்கம் வாளி கெடக்கு,
நண்டை விடு மக்கா."
மூன்றாவது, ஏழுதரம் தட்டுகிறவர்களுக்கு மட்டும்.
அதை நோட்டில் எழுதவில்லை.
நீ விளையாடும்போது வரும்.

எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக்கொள்.
வேறெதையும் தொடாதே.