பர்லியார் தாண்டுமுன்

கோயம்புத்தூரிலிருந்து வந்த பிரணவ்
சுவரில் வெளிச்சம் பாய்ச்சிக் காட்டினார்
எங்கள் வாடிக்கையாளரை:
வயது இருபத்தெட்டு, பெங்களூர்,
ஒரு நாய், இரண்டு சைக்கிள்,
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் மனச்சோர்வு.
பெள்ளிராஜ் கையைத் தூக்கிக் கேட்டான்:
"இவரு குன்னூருக்கு எப்ப வருவாரு?"

வண்டிச்சோலைக்குக் கீழே
பழைய தேயிலை எடைக்கொட்டகையில்
எங்களிடம் இருந்தது
நான்கு பீப்பாய் இஞ்சி பீர்,
கடனில் வாங்கிய மூடி போடும் இயந்திரம்,
எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்கிற ஒரு சொல்.

பீர் என்று எழுதியதால்
மளிகைக்காரர் பாட்டிலை
முட்டைத் தட்டுக்குப் பின்னால் ஒளித்தார்.
குடிக்கிறவர்கள் இரண்டு வாங்கிக் குடித்து
அரைமணி பொறுத்துப் பார்த்து
காசைத் திருப்பிக் கேட்டார்கள்.
மதுவிலக்கு அதிகாரி
அளக்கும் குழலை மிதக்கவிட்டுக் குனிந்து பார்த்தார்,
ஏமாந்த முகத்தோடு நிமிர்ந்தார்:
"இதுக்கு ஒரு பேரு, அதுல ஒரு பீரு."

பிரணவின் லேபிளில் மூடுபனி இருந்தது,
காட்டுமாடு இருந்தது,
யாரையும் கேட்காமல் எடுத்த
ஒரு தோடர் சால்வையின் சிவப்பும் கறுப்பும் இருந்தன.
இஞ்சி மட்டும் இல்லை.
சால்வையை எடுக்கச் சொன்னேன்.
காட்டுமாடு கேஸ் போடாது, இருக்கட்டும் என்றான் பெள்ளிராஜ்.
அந்த மாதக் கேரட் காசு முழுவதும்
லேபிளுக்குப் போயிருந்தது.

முதல் பெரிய ஆர்டர், முப்பது பெட்டி, மேட்டுப்பாளையத்துக்கு.
மேலே குளிரில்
கம்பளிக்குள் சுருண்டு கிடந்த ஈஸ்ட்
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
ஒரு பொத்தானைக் கழற்றிக்கொண்டே இறங்கியது.
பர்லியார் சோதனைச்சாவடியில் முதல் மூடி பறந்தது.
கல்லாறில் பதினொன்று.
அதற்கப்புறம் எண்ணவில்லை.
கண்ணாடித் தூளில் நின்றுகொண்டு
போன் செய்தான்:
"ஜெசிந்தா, சரக்கு கீழ இறங்க மாட்டேங்குது."

வெளியே சொல்லாதீர்கள் என்றார் பிரணவ்.
அன்றிரவே சொன்னேன்.
மிச்சமிருந்த ஒவ்வொரு கழுத்திலும்
சணல் கட்டி, அட்டை தொங்கவிட்டு,
என் கோணல் கையெழுத்தில்:
பர்லியார் தாண்டுமுன் குடித்துவிடவும்.
தாண்டினால் வெடிக்கும்.
காலிப் பாட்டிலைக் கண்டக்டரிடம் கொடுத்தால் பத்து ரூபாய்.
ஜன்னல் வழியே எறியாதீர்கள். யானைக்குக் கால் உண்டு.

பத்து ரூபாய் என் யோசனை இல்லை.
அரசுக் கடைப் பாட்டிலுக்கு
இந்த மலையில் அதுதான் பிணை.
திருடினேன்.

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் முதலில் வாங்கியவள்
எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு
ஜன்னலோர இடத்துக்குக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.
மகனுக்குப் பாதி, தனக்குப் பாதி.
வளைவுகளெல்லாம் முடிந்து சமவெளி வந்ததும்
மடியில் விரித்திருந்த செய்தித்தாளை
மடித்துப் பைக்குள் வைத்தாளாம்,
படிக்கிற மாதிரியே இருந்ததாம்.
கண்டக்டர் இதயராஜ் வந்து சொன்னார்,
ஒன்பது காலிப் பாட்டிலையும்
ஒரு சிகரெட் அட்டையில் எழுதிய கணக்கையும்
மேஜையில் வைத்துவிட்டு.
அவருக்கு நூற்றுக்குப் பத்து.
அதுவும் எந்தச் சுவரிலும் காட்டப்படாதது.

இப்போது யாரும் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை.
"ரெண்டு பர்லியார் குடுங்க."
பீர் போயிற்று, காட்டுமாடும் போயிற்று.
அட்டை எழுத இரண்டு பெண்கள் வருகிறார்கள்,
என்னைவிட அழகாக எழுதுகிறார்கள்,
கொஞ்சம் கோணலாக எழுதச் சொல்லியிருக்கிறேன்.
இருபத்தெட்டு வயது நாய்க்காரரை
இன்னும் பார்க்கவில்லை.

நேற்று, மேலே ஏறிவந்த பஸ்ஸிலிருந்து
சுண்ணாம்பு முகத்தோடு இறங்கிய ஒருவர்
ஒன்று வாங்கி, அட்டையை இருமுறை படித்தார்:
"நான் ஏற்கெனவே தாண்டிட்டேனே,
இப்ப என்ன பண்றது?"

பெள்ளிராஜ் என்னைப் பார்த்தான்.
நான் பீப்பாயைப் பார்த்தேன்.
உள்ளே ஏதோ ஒன்று, அவசரமில்லாமல்,
ஒரு குமிழியை விட்டது.